ரேணுகாவுக்கு நான் சொன்ன பதில்

அந்தக் கேள்வி எப்போதும் தாழ்ந்த குரலில்தான் வரும். பக்கத்தில் நிற்பவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு விலகும்வரை காத்திருப்பார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டியின் மேல் சற்றுக் குனிந்து கேட்பார்கள். "மிஸ், தடுமலா இருக்குங்க. வயித்துல புள்ள இருக்கு. ஏதாவது குடிக்கலாமா?"

பதுளைக் கடைவீதியில் ஒரே பாமசியில் இருபத்தொன்பது வருடம் மருந்தாளராக நின்றவள் நான். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பரீட்சை முடித்து, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு புதிதாகக் கவுண்டருக்கு வரும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த மருந்து எந்த மாதத்தில் ஆகும், எது ஆகாது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதுவது ஒரு பெண்ணுக்கு நான் சொன்ன பதிலைப் பற்றி. இதில் ஆறுதலாக ஒன்றும் கிடைக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், கடைவீதியிலேயே புடவைக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி மூக்கடைப்பு என்று வந்தார். தடிமலுக்கு வழமையாகக் கொடுக்கும் கலவைக் குளிசையில் ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தேன். கர்ப்பமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துப் புருஷனோடு வந்து நின்றார். இரண்டு மாதமாம். அட்டையைப் பார்த்ததும் டொக்டர் முகம் சுளித்தாராம். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எம் புள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கடைய சும்மா விடமாட்டேன்!"

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அது பிறக்கும்வரை நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. எங்கள் முதலாளி நல்ல மனிதர். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தாம்மா, இனிமே புள்ளத்தாச்சிங்க யாராச்சும் மருந்து கேட்டா, வேணாம்னு சொல்லிரு. டொக்டரு எழுதின துண்டு இருந்தா மட்டும் குடு. வேணாம்னு சொன்னவங்க மேல எவனும் வழக்குப் போட்டதில்ல."

அதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், கர்ப்பிணிகள் வந்து கேட்டால் என் பதில் ஒன்றுதான். மருந்து வேண்டாம், மல்லி அவித்துக் குடியுங்கள், தானாகப் போய்விடும். பெரும்பாலும் தானாகவே போனது. கவனமான மிஸ் என்று பெயரும் வந்தது. தாய்மார் தங்கள் மகள்களை என்னிடம் அனுப்பினார்கள். நான் பயந்துகொண்டு சொன்னதை அவர்கள் அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நாட்டில் டொலர் தீர்ந்து, பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். எங்கள் அலுமாரிகளில் பாதி காலி. பிரஷர் குளிசை இருந்தால் சீனி வருத்தக் குளிசை இருக்காது. காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் மருந்துத் துண்டுகளோடு நிற்பார்கள். ஹாலிஎலயிலிருந்து நடந்தே வந்த கிழவர்களும் அதில் இருப்பார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இல்லை, வரவில்லை, எப்போது வரும் என்று தெரியாது என்று சொல்ல வேண்டும். பத்து மணிக்குள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். துண்டை மட்டும் பார்ப்பேன்.

அப்படியொரு காலையில்தான் ரேணுகா வந்தாள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள். இருபத்தைந்து வயதிருக்கும். புருஷனுடைய சுவெட்டரைப் போட்டிருந்தாள். வயிற்றுக்கு மேல் பட்டன் பூட்ட முடியவில்லை. ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் கடைக்குள் நுழைந்திருந்தாள். கிளினிக் அட்டையைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து, நான் கேட்காமலேயே முன்னால் வைத்தாள்.

"எத்தன மாசம்?" என்றேன்.

"ஆறு முடிஞ்சு ஏழு நடக்குதுங்க மிஸ். முந்தா நாள்லேருந்து தடுமல். ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." மடித்த சின்னக் காகிதமொன்றைக் கையில் வைத்திருந்தாள். "தோட்டத்துக் கடையில இந்தக் குளிசையக் குடுத்தாங்க. குடிக்கப் பயமா இருக்கு. மொதப் புள்ளைக்கி அப்புறம் ஒண்ணு கலைஞ்சு போச்சுங்க. இதாச்சும் தங்கணும். அதான் படிச்சவங்ககிட்ட கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

காகிதத்தை நான் பிரிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலால் ஒருவர் தன் துண்டை நீட்டினார். "மிஸ், பிரஷர் குளிசை வந்திருச்சுங்களா?"

"கர்ப்பமா இருக்கப்ப மருந்து ஒண்ணும் வேணாம்மா," என்று ரேணுகாவிடம் சொன்னேன். "மல்லி அவிச்சுக் குடிங்க. ஆவி புடிங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

"காய்ச்ச வந்தா மிஸ்?"

நான் அந்த மனிதரின் துண்டை வாசித்துக்கொண்டிருந்தேன். "காய்ச்சல்னாலும் கண்டதையும் குடிக்கக் கூடாது. புள்ளைக்குத்தான் ஆபத்து."

"நல்ல வேளை கேட்டேன்," என்றாள். முகம் தெளிந்துவிட்டது. மடித்த காகிதத்தைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டாள். கிளினிக் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் விரல் என் விரலில் பட்டது. சுட்டது. பஸ்ஸில் நெரிசலில் வந்திருப்பாள், சுவெட்டர் வேறு போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மத்தியானம் கண்ணாடியைத் துடைக்கும்போது காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பாராசிட்டமோல். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் எந்த டொக்டரும் முதலில் எழுதிக் கொடுப்பது. குடியுங்கள் அம்மா, காய்ச்சலை ஏற விடாதீர்கள், இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டியது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்த விஷயம். பசறை பஸ் அதற்குள் போயிருக்கும். அவளுடைய டெலிபோன் நம்பர் என்னிடம் இல்லை. அடுத்த தடவை வந்தால் சொல்லலாம் என்று காகிதத்தைக் குப்பையில் போட்டேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். நாலு வயதுப் பெண் பிள்ளையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், சவரம் செய்யாத முகம். என்னையே பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார். பக்கத்துக் கவுண்டரில் ஆள் குறைந்தபோதும் அங்கே போகவில்லை.

"நீங்கதானுங்களே அந்த மிஸ்? போன மாசம் ரேணுகான்னு ஒரு புள்ளத்தாச்சி வந்தாங்களே. நான் அவங்க வீட்டுக்காரன், சுதாகரன்."

சந்தோஷமாக இருந்தது. விட்டதைச் சொல்ல இதோ ஒரு வாய்ப்பு. "எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அவ இல்லைங்க."

தோளில் இருந்த பிள்ளை இருமியது. அவர் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, யாரோ அயலவரைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பதுளையிலிருந்து திரும்பிய அன்றைக்கே ரேணுகாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. மறுநாள் தோட்டத்துக்குப் பொறுப்பான மருத்துவ மாது அவர்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து பார்த்திருக்கிறார். குளிசை கொடுத்து, குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். ரேணுகா தலையாட்டி வாங்கிக்கொண்டு, அவர் படியிறங்கியதும் குளிசையை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

"நாங்கூடச் சொன்னேங்க, மிட்வைப் மிஸ் குடுத்ததுதானே, குடின்னு. இல்ல, பதுளைப் பாமசி மிஸ் புள்ளைக்கி ஆபத்துன்னு சொல்லிட்டாங்கன்னு அவ சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போவம்னேன். அங்க போனா ஊசி போடுவாங்க, புள்ளைக்கி ஆகாதுன்னுட்டா. ஈரத்துணியத்தான் மாத்தி மாத்திப் போட்டோம்."

மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆட்டோ வைத்திருந்தவர்களிடம் பெற்றோல் இல்லை. தோட்டத்துக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள் என்று அவரே சொன்னார். முதலில் பிள்ளை போனது. மறுநாள் ரேணுகா.

"கடைசி வரைக்கும் ஒரு குளிசைகூடத் தொடலைங்க மிஸ்," என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நீங்க சொன்னத அவ மீறவே இல்ல. புள்ளைக்காக அம்புட்டையும் தாங்கிக்கிட்டா. அந்த மிட்வைப்தான் சரியாப் பாக்கலன்னு லயத்துல எல்லாரும் ஏசுறாங்க. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல வச்சே பேசிட்டாங்க. மேலேருந்து விசாரணைக்கும் வந்தாங்க." பிள்ளையை இறக்கி என் முன்னால் நிறுத்தினார். "இவளுக்குத் தடுமல். மருந்து குடுக்கலாமா, வேணாமாங்க? நீங்க சொன்னாச் சரி."

அந்தப் பிள்ளையிடமும் தகப்பனிடமும் நான் கேட்காத கேள்வியில்லை. எத்தனை நாள், காய்ச்சல் எவ்வளவு, மூச்சு எப்படி, சாப்பிடுகிறதா, நெஞ்சு இழுக்கிறதா. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லி, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதையெல்லாம் செய்தேன். அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த மருத்துவ மாதுவைப் பார்த்து உண்மையைச் சொல்லப் பதினொரு நாள் நான் போகவில்லை. கடையில் ஆளில்லை, பஸ் இல்லை, கால் வலி என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மையில் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் நான் மருந்து கொடுக்கவில்லையே. கொடுத்தால்தானே குற்றம். முதலாளி சொன்னது சரி, வேண்டாம் என்று சொன்னவர்கள் மேல் எவரும் வழக்குப் போடுவதில்லை. அந்தச் சரியான பேச்சைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் முதலாளியிடம் லீவு கேட்டேன். மறுநாள் பஸ் ஏறினேன்.

பசறையில் இறங்கி, தேயிலைக்கு ஊடே ஒரு மணிநேரம் நடை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவ மாது தனியாக இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும் சிங்களப் பெண். நான் சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். அவள் என்னைத் தடுத்து, தமிழிலேயே பேசும்படி சொன்னாள். மேசைமேல் ஒரு பிள்ளையின் எழுத்துப் பயிற்சிக் கொப்பி கிடந்தது. அதில் பெரிய பெரிய எழுத்தில், "காய்ச்சல் குறைய இல்லாட்டி உடனே வாங்க" என்று ஒரே வரி பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

"விசாரணையில கேட்டாங்க, ஏன் அவங்க குளிசை குடிக்க இல்ல?" என்றாள். "எனக்குத் தெரியாது. அவங்க தல ஆட்டினாங்க. நான் நெனச்சது, என் தமிழ் அவங்களுக்கு வெளங்க இல்ல. நான் பிழையா சொல்லியிருக்கேன். சரியா தமிழ் பேசுற ஒரு ஆள் சொல்லியிருந்தா அவங்க குடிச்சிருப்பாங்க. அதான் இப்ப படிக்கிறேன்."

அவளுடைய தமிழ் ரேணுகாவுக்கு நன்றாக விளங்கியிருந்தது. என்னுடையதும் விளங்கியிருந்தது. இரண்டில் எதை நம்புவது என்று வந்தபோது, அவள் என் பிழையில்லாத தமிழை நம்பினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைப் பிரிக்காதது, விரல் சுட்டது, பிறகு பிரித்துப் பார்த்துக் குப்பையில் போட்டது எல்லாவற்றையும். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் அந்தக் கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தாள். "இத எழுதித் தாங்க மிஸ்," என்றாள். "அவங்க வீட்டுக்கும் சொல்லுங்க. நான் கடைக்குப் போனாலும் யாரும் பேசுறது இல்ல."

லயத்துக்குப் போனேன். சுதாகரன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய், உள்ளே இருந்த ஒரே கதிரையைக் கொண்டுவந்து போட்டு, துண்டால் தட்டினார். பிள்ளைக்குச் சுகம் என்றார். தேத்தண்ணி வைக்கப் போனவரை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன். அந்த மருத்துவ மாது கொடுத்தது சரியான மருந்து. நான் சொன்னது பிழை. ரேணுகா அதைக் குடித்திருக்கலாம், முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

உங்களிடம் ஒன்றைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு குளிசை அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலைக் குறைக்கும் மருந்து நெஞ்சில் இறங்கிய நோயை ஆற்றாது. ஆனால் மருந்து என்றாலே பிள்ளைக்கு ஆபத்து என்று நான் சொன்ன அந்த ஒரு வரி அவளை இரண்டு நாள் பாயோடு கட்டிப்போட்டது. அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் டொக்டர்மாருக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

சுதாகரன் கோடரியைச் சுவரோடு சாய்த்துவைத்தார். "இல்லைங்க மிஸ். நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

"இல்ல சுதாகரன், பிழையாத்தான் சொன்னேன்."

"நீங்க ஏன் இப்பிடிச் சொல்றீங்கன்னு தெரியும். அந்த மிட்வைப்பு ஒங்ககிட்ட அழுதிருப்பாங்க."

"அவங்க அழல. நான் சொல்றது உண்மை."

அவர் முகம் மாறியது. என்மேல் கோபமில்லை அது. விழப்போகிற ஒரு சுவரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்கிற ஆளின் முகம். "அப்ப அவ சும்மாவா செத்தா?" என்று கேட்டார். "வேர்க்க வேர்க்கக் கெடந்தா. ஒரு குளிசை குடுங்கன்னு அவ வாயத் தொறந்து கேக்கல. எதுக்குக் கேக்கல? புள்ளைக்காக. அதத்தான் எம்மகளுக்குச் சொல்லி வளக்கப்போறேன். இப்ப வந்து அது வீணுங்கிறீங்க." சிதறிக் கிடந்த விறகைக் குனிந்து அடுக்கினார். "அப்பிடி இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க மிஸ். மழ வரும்போல இருக்கு."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனேன். யாருடைய பாரம் என்று அந்தப் பாதையில் இறங்கி வரும்போதுதான் யோசித்தேன்.

கடிதத்தை எழுதினேன். முதலாளியிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதினது பொய்யின்னு சொல்லமாட்டேன். ஆனா இது வெளிய போனா இந்தக் கடையில வேல செய்யிற அத்தன பேரும் வீட்டுல இருக்க வேண்டியதுதான். மருந்துக்கு வரிசையில நிக்கிற சனத்த யோசி. கொஞ்சம் பொறு," என்றார். பொறுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பிறகு அவர் பேச்சைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். டிஸ்பென்சரியில் வேறு ஒரு பெண் இருந்தாள். முன்னால் இருந்தவள் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம், தமிழ் பேச வேண்டியிராத ஒரு பகுதிக்கு. கடிதத்தை மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவளுக்கு அது தெரியவந்ததா என்றும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகும் நான் வேலை செய்தேன். கர்ப்பிணி என்று யாராவது வந்தால் கவுண்டரை விட்டு வெளியே வந்து, ஓரமாக உட்காரவைத்து மூன்று நிமிடமாவது பேசினேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். கொண்டுவந்த குளிசையைப் பிரித்துப் பார்த்தேன். வரிசையில் நிற்பவர்கள் ஏசினார்கள். எங்களுக்கு அந்த மூன்று நிமிடம் எப்போதும் இல்லாமல்தான் இருக்கும். உங்களுக்கும் இருக்காது. இல்லாத நேரத்தில்தான் நீங்கள் தீர்மானிக்க வேண்டிவரும். கொடுக்கலாம் என்று சொல்லப் பயமாக இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லவும் அதே அளவுக்குப் பயப்படுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புங்கள். இவ்வளவுதான் நான் கற்றது. இதைக் கற்க நான் கொடுத்த விலை என்னுடையதல்ல.

ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயது. நாலு மாதம். தடிமல், இலேசான காய்ச்சல். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அதே தோட்டம், அதே மேல் டிவிஷன். உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். பாராசிட்டமோலைக் கொடுத்து, எப்படிக் குடிப்பது, எத்தனை நாளில் குறைய வேண்டும், எது நடந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று, அவள் திருப்பிச் சொல்லும்வரை சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு குளிசை அட்டையை என் பக்கமாகத் தள்ளினாள்.

"வேணாங்க மிஸ். நான் தாங்கிக்குவேன். எங்க லயத்துல ரேணுகாக்கான்னு ஒருத்தங்க இருந்தாங்க. உசுரு போற வரைக்கும் புள்ளைக்காக ஒரு குளிசை குடிக்கல. எங்கூருல மாசமா இருக்கிற யாரும் இப்ப மருந்து தொடுறதில்ல. சத்துக் குளிசைகூட வாங்கி வச்சிட்டுச் சும்மா இருப்பாங்க."

"யார் சொன்னது மருந்து கூடாதுன்னு?"

"பதுளையில ஒரு பாமசி மிஸ் சொன்னாங்களாம். ரொம்ப வெவரந் தெரிஞ்சவங்களாம்."

"அந்த மிஸ் நான்தாம்மா," என்றேன். "நான்தான் சொன்னேன். பிழையாச் சொல்லிட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, வயதானவர்கள் ஏதாவது உளறினால் சிரிப்போமே, அப்படி அன்பாகச் சிரித்தாள். "இல்லைங்க, அது வேற மிஸ்ஸா இருக்கும்," என்று எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். செருப்பு வாரறுந்தது. பஸ் நிலையத்தில் பசறை பஸ் நிரம்பி, மிதிபலகையிலும் ஆள் தொங்க, நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல்களில் அவள் முகத்தைத் தேடினேன். கத்திக் கூப்பிட எனக்கு அவள் பெயர் தெரியவில்லை. கேட்காமல் விட்டிருந்தேன்.

அந்த டிவிஷனிலிருந்து உங்களிடம் யாராவது வருவார்கள். என் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்குத் தெரியாது. பதுளையில் ஒரு மிஸ் சொன்னாங்க என்பார்கள். அவர்களோடு வாதாடுங்கள். முதல் தடவை உங்களை நம்ப மாட்டார்கள்.